இருபத்தொரு சிவப்புக் கண்கள்

பதினொரு பேர் நிற்கிற படத்தில் இருபத்தொரு கண்கள் சிவப்பாக இருந்தன. மூன்று தடவை எண்ணினேன். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்தவன் நான். எண்ணிக்கை எனக்குத் தப்பாது. ஒருமுறை ஒரு லாரி மணலை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு பருக்கை குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கண் சிவந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. இருட்டில் மனுஷனுக்குக் கண்மணி அகலத் திறந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சம் உள்ளே போய், ரத்தம் ஓடுகிற பின்சுவரில் முட்டி, அதே வழியாகத் திரும்பி வரும். படத்தில் ஆள் அரக்கன் மாதிரி இருப்பான். அன்றைக்கு மழை, கரண்டும் இல்லை. பதினொரு பேரும் அரக்கர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பாதி அரக்கராக இருந்தார். அவர்தான் மாப்பிள்ளை.

இந்த கேமரா என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் சுதன் போன வருஷம் தோஹாவிலிருந்து வந்தபோது, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று தன் பழைய கேமராவை விட்டுவிட்டுப் போனான். பொத்தானை அமுக்கினால் அதன் நெற்றியில் தவளைக் கண் மாதிரி ஒரு ஃப்ளாஷ் எழும்பும். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அதை முற்றத்தில் அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது. கோழிகள் எல்லாம் மரத்திலிருந்து இறங்கின. அன்றிலிருந்து அந்த வீட்டுக் கோழிகள் மறுநாள் முட்டையை முந்தின நாளே இடுகின்றன. அடுத்த வாரம் கடற்கரைக் கருமணலில் அடித்தேன். மணல் பளீரென்று திருப்பி அடித்ததில், கலங்கரை விளக்கம் இடம் மாறிவிட்டது என்று கடலில் நின்ற மூன்று வள்ளங்கள் எங்கள் கரைக்குத் திரும்பின. ஒன்று மீன்பிடிக்கிற என் கூட்டாளி மரியானுடையது. அவரிடமே கேட்கலாம், இப்போது கொச்சியில் இருக்கிறார்.

பிறகு ஃப்ளாஷை அடக்கப் படித்தேன். பால் கவரைக் கழுவி அதன் மேல் ஒட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும். கழுவாமல் ஒட்டினால் எறும்பு விழும். அதற்கும் பிறகு ஃப்ளாஷே வேண்டாம் என்று ஜன்னல் வெளிச்சத்துக்கு மாறினேன். முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி விட, வெள்ளையாக ஏதாவது பிடிக்க வேண்டும். மரியான் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியின் மூடி ஒன்று கொடுத்திருந்தார். வெளிச்சம் அருமையாக விழுந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நான் எடுத்த எல்லாப் படங்களிலும் ஒரு பூனையாவது உண்டு.

இவ்வளவு சோதனையில் நான் கண்டது ஒன்றுதான். ஜன்னல் வெளிச்சம் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வரும். ஃப்ளாஷ் கதவைத் தட்டாமல் அடுக்களை வரை போய்விடும்.

மாப்பிள்ளையின் பெயர் யேசுரத்தினம். அறுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். குழித்துறைப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் கனத்த குரலில் பாடுவார். மணப்பெண் பூங்கனி. ஐம்பத்தெட்டு வயது, தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் பிரீனா மஸ்கட்டில் இருக்கிறாள். கொயரில் பெண்கள் வரிசையின் கடைசியும் ஆண்கள் வரிசையின் முதலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்குமாம். அந்த இடத்தில் ஆரம்பித்த விஷயம் இது. நான் சைவன். எனக்கு கொயர் பற்றி அதற்கு மேல் தெரியாது.

யேசுரத்தினத்தின் இடது கண் செய்து வைத்தது. மதுரையில் வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து வர்ணம் தீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு மூக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பழக ஆரம்பித்த இரண்டாம் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டேன்.

“நீரு வெளிய சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் வே. பேங்க் லாக்கரை விட பத்திரம்.”

நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நிச்சயம் நடந்தது பூங்கனி வீட்டில், ஜூன் மாதத்து எடவப்பாதி மழை கொட்டிய ஒரு காலையில். பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குள் ஊறுகாய்ப் பரணி மாதிரி இருட்டு. ஜன்னலைத் திறந்தால் சாரல். படம் எடுக்க வந்தவன் நான் ஒருவன். வேறு வழியில்லாமல் தவளையை எழுப்பினேன். மாப்பிள்ளை, பெண், போதகர், போதகரின் மனைவி, உறவுக்காரர்கள் என்று பதினொரு பேர். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே அடி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எண்ணத் தொடங்கினேன். செய்த கண்ணுக்குள் ரத்தம் ஓடுகிற சுவர் எங்கே இருக்கிறது. இடது கண் மட்டும் கறுப்பாக, சாதுவாக, மனுஷக் கண் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையிலேயே யேசுரத்தினத்தைக் கூட்டி வந்து காட்டினேன். நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பூங்கனியிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். இந்த மனுஷன் ஒரு ரூபாய் மிச்சத்தைக் கூடப் பஸ் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுக்கிறவர். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். இருபத்தாறு வயதில் ஒரு பெண் பார்த்தார்கள். கண்ணைப் பற்றிச் சொன்னார், மறுநாள் ஆள் விட்டு வேண்டாம் என்றார்கள். இருபத்தெட்டில் ஒன்று. அவர்கள் ஆள் கூட விடவில்லை. முப்பத்தொன்றில் ஒரு பெண்ணின் தகப்பனார், ஒற்றைக்கண்ணனுக்குக் கொடுக்கவா பெற்றேன் என்று முற்றத்தில் நின்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் பெண் பார்க்கப் போகவில்லை.

“நாலாவது இது வே. இந்த ஒரு தடவ மட்டும் சொல்லாம இருந்து பாத்தேன்.”

படத்தை அழித்துவிடலாம் என்றேன். அதற்கும் வழியில்லை. பிரீனா மஸ்கட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அம்மாவின் நிச்சயப் படம் வேண்டும் என்று நிற்கிறாள். பதினொரு பேரையும் திரும்பக் கூட்டி ஜன்னலோரத்தில் நிறுத்துவதும் நடக்காது. நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் யோசித்தோம். கணக்கு வாத்தியாரும் ஸ்டோர்காரனும் சேர்ந்து யோசித்தால் எங்கே போய் நிற்கும். எண்ணிக்கையில்தான் நிற்கும். இருபத்தொன்று என்பதுதானே இடிக்கிறது, இருபத்திரண்டு ஆக்கிவிட்டால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று முடிவுக்கு வந்தோம்.

கம்ப்யூட்டரில் சிவப்பை எடுக்க ஒரு வழி இருக்கிறதாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சேர்க்கிற வழி முதலிலேயே தெரியும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யேசுரத்தினத்தின் இடது கண்ணில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். திரும்ப எண்ணினோம். சரியாக இருந்தது. கணக்கு சரியானதும் வாத்தியாருக்கு முகம் தெளிந்தது. பஸ் ஏறி வடசேரிக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பூங்கனி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, பிரீனாவுக்கும் மெயிலில் அனுப்பினேன். அந்த ஞாயிறு சர்ச்சில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை முன்னால் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு அது. தடை என்று யாரும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கனி என் வீட்டுக்கு வந்தார். படத்தை மேசைமேல் வைத்தார். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அதன் முனையால் யேசுரத்தினத்தின் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“பாக்கி எல்லாம் மெஷின்ல தச்சது அண்ணாச்சி. இது கையால வச்ச பொத்தான்.”

குனிந்து பார்த்தேன். பொட்டு ஒரு நூலளவு மூக்குப் பக்கம் தள்ளித்தான் இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்த கண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். அவர் விடவில்லை. பிரீனாவும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சாருக்குக் கண்ணில் ஏதாவது வியாதியா அம்மா என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொன்னபோது பூங்கனியின் குரல் மாறியது. அவருடைய கணவர் சிறுநீரகம் கெட்டதை வீட்டில் சொல்லாமல் இரண்டு வருஷம் மறைத்தவராம். தெரியவந்தபோது ஆஸ்பத்திரிக்கு அலையத்தான் நேரம் மிச்சம் இருந்தது. நாலு வருஷம் அலைந்திருக்கிறார்.

“நோயாளியப் பாக்க எனக்குப் பயமில்ல அண்ணாச்சி. மறைச்சு வைக்குதது இருக்குல்லா, அதுதான் பயம். சாருக்கு என்னது? நெசத்தச் சொல்லுங்க.”

எனக்கு எழுபத்தோரு வயது. நேராகக் கண்ணைப் பார்த்து என்னிடம் நிஜம் கேட்டவர்கள் அதிகம் இல்லை. என்னவோ மாதிரி ஆகிவிட்டது. யேசுரத்தினத்தின் ரகசியம்தான், ஆனால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், மறைத்தால் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன். வியாதி ஒன்றும் இல்லை, அது செய்த கண். இருபத்திரண்டு வயதில் குழித்துறை ஆற்றங்கரையில் வலையில் சிக்கிக் கிடந்த ஒரு கொக்கை விடுவிக்கக் குனிந்திருக்கிறார். கொக்கு கொத்திவிட்டது.

பூங்கனி என்னையே பார்த்தார். பிறகு படத்தைச் சுருட்டினார்.

“கொக்கு.”

“ஆமா.”

“பொம்பள ஒருத்தி பயந்து வந்து கேக்கேன். நீங்க எனக்குக் கொக்குக் கதை சொல்லுகிய.”

சுசீந்திரம் தாணுமாலயன் சாமி மேல், என் பெயரே அதுதான் என்று சத்தியம் செய்தேன். மணல் பருக்கைக் கதைக்கும் இதே சாமி மேல்தான் சத்தியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று செருப்பைப் போட்டபடி, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று போதகரிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தையல் பிரிந்த இடத்தில் நூலை அறுத்துக் கட்டுகிற மாதிரிச் சொன்னார்.

நான் நேராக யேசுரத்தினம் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். ரகசியத்தை வெளியே விட்டதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, அவள் நம்பினாளா என்றுதான். நம்பவில்லை என்றேன். நிஜம் நல்ல நோட்டுத்தான்; ஆனால் நான் நீட்டினால் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், நீர்தான் போய் மாற்ற வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார். சொன்னால் நாலாவதும் போகும் என்றார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அது தானாகப் போகும் என்றேன்.

“நாளைக்குப் போறேன். நீரும் வாரும்.”

“சாட்சிக்கா?”

“நீரு சாட்சி சொன்னா கெட்டுப் போவும் வே. சும்மா கூட இருந்தா போதும்.”

சும்மா எப்படிப் போவது. கேமராவை எடுத்துக்கொண்டேன். பிரீனாவுக்கு அனுப்ப ஜன்னல் வெளிச்சத்தில் நல்ல படம் ஒன்று எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமை காலை போனோம். மழை விட்டிருந்தது. பூங்கனி எங்களைத் தையல் அறையில் உட்கார வைத்தார். நல்ல அகலமான ஜன்னல், வெளியே வாழைத்தோட்டம். மழை கழுவிவிட்ட வெளிச்சம் வெந்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி வெள்ளையாக, சூடில்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் அதை நான் கவனித்தேன். கெட்ட பழக்கம்.

யேசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தார். இடது கண் செய்த கண். ஆற்றங்கரை. வலை. கொக்கு என்று வந்ததும் பூங்கனி என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கிய.”

யேசுரத்தினம் பேச்சை நிறுத்தினார். கொக்கை எங்கே போய்த் தேடிக் கூட்டி வருவது. பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிங் மேசையில் வைத்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முகத்தை நிமிர்த்திச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பூங்கனி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார். கையை அசைத்தார். பிறகு ரவிக்கையிலிருந்து ஊசியை எடுத்து அந்த இடது கண்ணுக்கு நேராகக் கொண்டு வந்தார். ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல். எனக்கு இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. திறந்து பார்த்தபோது ஊசி அங்கேயே நின்றது. யேசுரத்தினத்தின் இமை அசையவில்லை.

“இப்ப எங்க நிக்கேன்?” என்றார் பூங்கனி.

“எனக்க முன்னாலதான் நிப்பிய. பாக்க முடியேல்ல.”

ஊசி கீழே இறங்கியது. அதைத் திரும்ப ரவிக்கையில் குத்த அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. வேறு ஏதாவது உண்டா, சர்க்கரை, நெஞ்சு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை என்றார் அவர். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். யேசுரத்தினம் பொத்திய கையை எடுக்காமலே, இருபத்தாறையும் இருபத்தெட்டையும் முப்பத்தொன்றையும் சொன்னார். முற்றத்தில் நின்று கேட்டவரின் வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். இந்தத் தடவை பூங்கனி என்னை நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் போய்த் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அலமாரியில் நூல்கண்டுகளை எண்ணினேன். எழுபத்து நாலு வரை வந்தபோது கேட்டார்.

“கொயர்ல நான் உங்க எந்தப் பக்கம் நிக்கேன் சார்?”

“இடப்பக்கம்.”

“அப்ப ஆறு மாசமா பாட்டுக்கு எடையில உங்களப் பாத்துச் சிரிச்சனே.”

யேசுரத்தினம் கையை எடுத்தார். “சிரிச்சியளா?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். திரும்பிக் கூடப் பாக்கேல்ல. எவ்வளவு ஒழுக்கமான மனுஷன்னு நெனச்சேன்.”

“எனக்குத் தெரியாமப் போச்சே.”

“ஈஸ்டருக்கு ரெண்டு தடவ சிரிச்சேன்.”

யேசுரத்தினத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று பெண் வீடுகள் போனதைச் சொன்னபோது கலங்காதவர், இதற்குக் கலங்கிவிட்டார். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு ஞாயிறு, ஈஸ்டரோடு இருபத்தேழு என்று கணக்கு வாத்தியாரின் மனசு கூட்டியிருக்க வேண்டும். செய்த கண்ணிலும் நீர் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூங்கனிக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நான் உங்களை இன்னும் கேட்பேன், கல்யாணத்துக்குப் பிறகும் கேட்பேன் என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் யேசுரத்தினம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொன்றும் உண்டு என்றார் பூங்கனி. சர்ச்சில் பெண்ணை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தான் நிறுத்துவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் பூங்கனி அவருக்கு வலப்பக்கம்தான் நிற்பாராம். போதகர் புத்தகத்தைப் புரட்டினால் புரட்டட்டும், தானே போய்ப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஓலையை வாசிக்கச் சொல்லவும் அதே கையோடு போக வேண்டும் என்றார்.

“அண்ணாச்சி, படம் எடுக்கத்தானே வந்திய. எடுங்க.”

நான் நாற்காலிகளைப் போட்டேன். யேசுரத்தினத்தை ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி உட்கார வைத்து, பூங்கனியை அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். வெளிச்சம் அவர் கன்னத்தில் அளந்து விட்ட மாதிரி விழுந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். பூங்கனி எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யேசுரத்தினத்தைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. யேசுரத்தினத்தின் நிழல் முழுதும் அவர் மேல் விழுந்தது. பின்னால் நூல் அலமாரியும் கறுப்பு. முகம் தெரியாது என்று சொன்னேன். பிரீனா கேட்பாள் என்றும் சொன்னேன். வேண்டுமானால் ஃப்ளாஷைப் போடுகிறேன் என்று பொத்தானில் விரலை வைத்தேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. எனக்க முகம் அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.”

எடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் இருட்டுமாக இருக்கும். இருட்டுக்குள் ஒரு பல்வரிசை மட்டும் மங்கலாகத் தெரியும். யேசுரத்தினம் கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நேராகப் பாரும் வே என்று இரண்டு தடவை சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் நாலு படம் எடுத்தேன். நாலிலும் அப்படியே இருந்தார்.